மேசையைப் பறித்துக்கொள்பவர்கள்

வேலை முடிந்த பிறகு ஓரிரு மாலையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் பூல் ஆடுகிற எங்களைப் போன்ற அமெச்சூர்களுக்கு, சரமாரியாகப் பந்து போடுகிற எதிராளியைக் கண்டால்தான் முதலில் பயம் வரும். அடுத்தடுத்து ஐந்தாறு பந்துகள் பாக்கெட்டில் விழுகிற சத்தத்தைக் கேட்டபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்க யாருக்கும் பிடிக்காது. ஆனால் சிங்கப்பூர்க் கூடங்களில் இத்தனை வருடம் ஆடிய பிறகு, எனக்கு மறக்க முடியாத எதிராளிகள் என்று யோசித்தால் முதலில் நினைவுக்கு வருபவர்கள் வேறு ரகம். என் முறை வரும், நானும் கியூ கோலோடு மேசைக்கு வந்து நிற்பேன், ஆனால் நான் ஆட விரும்பும் அடி ஒன்றுகூட அங்கே இருக்காது. அவர்கள் எனக்கென்று விட்டுவைத்த அடி மட்டும் இருக்கும். அந்த மாதிரி ஆட்டக்காரர்களிடம் தோற்றுத்தான் நான் ஆடக் கற்றுக்கொண்டேன். அவர்களைப் பற்றியும், அவர்களை எதிர்கொள்ள எனக்கு உதவியவற்றைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நான் ஆடுவது நைன்பால். ஒன்பதடி மேசை, ஆறு பாக்கெட், 1 முதல் 9 வரை எண் போட்ட பந்துகள். மேசையில் மிச்சமிருப்பவற்றில் எது சிறிய எண்ணோ அதைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். 9ஐ முறையாக உள்ளே போட்டவருக்கு அந்த ரேக், அதாவது அந்தச் சுற்று. சிறிய எண்ணைத் தொடாமல் விட்டால் ஃபவுல்; எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து, விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். இந்த ஒரு விதியால்தான் நைன்பால் இவ்வளவு தந்திரமான ஆட்டமாக இருக்கிறது. பந்து போடுவதில் சுமாரானவர்கூட, நம் வழியை மறைக்கத் தெரிந்திருந்தால் நம்மை வென்றுவிட முடியும்.

முதலில் அங்கிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தோ பாயோ பக்கம் ஒரு கூடத்தில் அவரைச் சந்தித்தேன். ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர், சீனர், எழுபதை ஒட்டிய வயது. ஹொக்கியனும் பாசார் மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவார். என்னைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தலைமுறைச் சீனர்கள் பலருக்கு அந்தச் சொல் இயல்பாக வாயில் வரும். சொந்தமாகக் கியூ வைத்திருக்கவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் கூடத்துக் கியூக்களை மேசைமேல் உருட்டிப் பார்த்து, வளையாத ஒன்றை எடுத்துக்கொள்வார். பக்கத்தில் ஒரு கோப்பி-ஓ, தோளில் ஒரு துண்டு. அவ்வளவுதான் அவருடைய ஏற்பாடு.

பக்கத்து மேசையிலிருந்து பார்க்கிறவருக்கு அவர் ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. வேகமான அடி இருக்காது, வெள்ளைப் பந்து நாலு குஷனிலும் (மேசை ஓரத்து ரப்பர் விளிம்பு) மோதிச் சுற்றி வராது. 1, 2, 3 என்று மூன்று பந்தைப் போடுவார். நாலாவது பந்து இன்னொரு பந்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால், அதை உடைக்க முயலவே மாட்டார். மெதுவாக அதைத் தொட்டு ஒரு பக்கம் தள்ளி, வெள்ளையை 7க்குப் பின்னால் ஒளித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். என்னிடமிருந்து ஒரு ஃபவுல் வரும். வெள்ளை அவர் கைக்குப் போகும். இப்போது ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு பந்தையும் எந்தக் கோணத்தில் பிரிக்க வேண்டுமோ அந்தக் கோணத்தில் வெள்ளையை வைப்பார். அதற்கப்புறம் எனக்கு வேலை இருக்காது.

அவரிடம் இருந்த பெரிய ஆயுதம் ‘புஷ்’. அடுக்கிய பந்துகளை உடைக்கும் முதல் அடியான பிரேக் முடிந்த அடுத்த அடிக்கு மட்டும் நைன்பாலில் இப்படி ஒரு சலுகை உண்டு: ‘புஷ்’ என்று சொல்லிவிட்டு வெள்ளையை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். எந்தப் பந்தையும் தொட வேண்டாம், குஷனிலும் பட வேண்டாம். ஆனால் அதன் பிறகு எதிராளிக்குத்தான் தேர்வு. அந்த இடத்திலிருந்து அவரே ஆடலாம், அல்லது ‘நீயே ஆடு’ என்று திருப்பிக் கொடுக்கலாம். பலர் இதை வெறுமனே ஒரு தப்பிக்கும் வழியாகத்தான் ஆடுகிறார்கள். 1ஆம் பந்து கண்ணில் படும் இடத்துக்கு வெள்ளையை நகர்த்திவிட்டு, ஏதோ ஒன்று நடக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

அங்கிள் புஷ் ஆடினால் வெள்ளை நீளக் குஷனை ஒட்டிப் போய் நிற்கும். 1ஆம் பந்து தெரியும், பாக்கெட்டும் தெரியும். ஆனால் மேசையின் முழு நீளத்துக்கு, மெல்லிய ஓர வெட்டு. குஷனை ஒட்டிய வெள்ளையின் மேற்பகுதியை மட்டும்தான் கியூ தொட முடியும் என்பதால் கட்டுப்பாடும் குறைவு. நான் எடுத்து ஆடினால் தவறுவதற்கே வாய்ப்பு அதிகம். திருப்பிக் கொடுத்தால், அதே இடத்திலிருந்து அவர் அந்த 1ஐ ஓரமாகத் தொட்டு, வெள்ளையை மறுகோடிக்குக் கொண்டுபோய் மறைத்துவிடுவார். அந்த அடி அவருக்கு உள்ளங்கை ரேகை. புஷ்ஷில் அவர் தேடுவது இதுதான்: தன்னால் முடிந்து, என்னால் முடியாத ஒரு இடம்.

இதை ஒருநாள் ஓய்வாக உட்கார்ந்து பேசும்போது அவரே விளக்கினார். புஷ் ஆடும் முன் அவர் மேசையை மட்டும் பார்ப்பதில்லையாம், ஆளையும் பார்ப்பாராம். நான், குறுக்கே நிற்கும் பந்தைத் தாண்டி வெள்ளையைக் குதிக்க வைக்கும் ஜம்ப் கியூ வைத்திருப்பவன், உயரமானவன், கை எட்டும். ஆகவே ஜம்ப் அடிக்க வசதியான இடத்தை எனக்கு விடவே மாட்டார். எட்டிப் பிடிக்க முடியாத ஆளாக இருந்தால் மேசையின் நடுவில் விடுவார். அன்றிலிருந்து நானும் புஷ் ஆடும்போது இப்படிக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த அடியை எனக்குப் பத்து தடவை கொடுத்தால் எத்தனை தடவை நல்லபடியாக முடிப்பேன், எதிரில் இருப்பவர் எத்தனை தடவை முடிப்பார்? இரண்டு எண்ணும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் அது நல்ல புஷ். அவர் எடுத்தாலும் எனக்கு நஷ்டமில்லை, திருப்பிக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. என் பலம் ஜம்ப் என்பதால், பந்து பாதி மறைந்து, இடையில் தாண்டுவதற்கு இடமிருக்கும் நிலையைத் தேடி வைப்பேன். பெரும்பாலானவர்கள் அதைத் தொடத் தயங்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம், மூன்று ஃபவுல் விதி. இடையில் ஒரு முறையான அடிகூட இல்லாமல் தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ரேக் போய்விடும். ஆனால் இரண்டு ஆகிவிட்டது என்று மூன்றாவதற்கு முன்பே ஃபவுல் செய்தவருக்குச் சொல்லிவிட வேண்டும். நடுவர் இல்லாத எங்கள் ஆட்டங்களில் இதைச் சொல்வது எதிராளியின் பொறுப்பு. அங்கிள் வாயால் சொல்ல மாட்டார். இரண்டு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, நான் தலையாட்டும் வரை அப்படியே வைத்திருப்பார். அந்த இரண்டு விரலைப் பார்த்த பிறகு கை இறுகிவிடும். அதுவும் அவருக்குத் தெரியும். இதில் அநியாயம் எதுவும் இல்லை, விதி சொல்வதைத்தான் செய்கிறார். மரியாதையாகவே செய்கிறார்.

சரி, இப்படிப்பட்டவரை எப்படிச் சமாளிப்பது? மறைத்து வைத்த பந்துக்கு வித்தை காட்டும் பதில் தேடுவதை நிறுத்தினாலே பாதி பிரச்சினை தீரும். பந்தைப் போட முயலாமல், எதிராளிக்கு நல்ல அடி கிடைக்காதபடி வெள்ளையை விடுவதுதான் சேஃப்டி; அவர் விட்ட சேஃப்டிக்கு இன்னொரு சேஃப்டிதான் பதில். சேஃப்டி அடிக்கும்போது வெள்ளை எங்கே நிற்க வேண்டும், எண் பந்து எங்கே போக வேண்டும் என்ற இரண்டையும் ஒரே அடியில் கட்டுப்படுத்துவது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே சிரமம். நமக்கு ஒன்று போதும். எண் பந்தை முழுதாக, நட்டநடுவில் அடித்தால் வெள்ளை கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடும். அங்கே மறைப்பதற்கு ஏதாவது பந்து இருந்தால் வேலை முடிந்தது. அல்லது எண் பந்தை ஓரமாக, தொட்டும் தொடாமலும் உரசினால் அது அதிகம் நகராது. வெள்ளை மட்டும் மறுகோடிக்கு ஓடும். மறைக்க எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டு பந்துக்கும் இடையே முழு மேசை தூரமும், வெள்ளை குஷனை ஒட்டிய நிலையும் கிடைத்தால் அது நல்ல சேஃப்டிதான்.

அங்கிளும் நானும் இதற்கென்றே ஒரு ஆட்டம் ஆடுவோம். மேசையில் ஏதாவது மூன்று பந்தைப் பரப்பிப் போடுவோம். ஒன்றை மட்டும் இலக்காக வைத்துக்கொண்டு மாறி மாறி சேஃப்டி. பாக்கெட்டில் போட அனுமதி இல்லை. ஃபவுல் செய்பவர் எதிராளிக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். ஐந்து புள்ளி எடுப்பவர் வென்றார். அவசரப்பட்டு நான் வேகமாக அடித்தால் மலாயில் ‘பெலான் பெலான்’, மெதுவாக மெதுவாக, என்பார். ஒரு மணி நேரம் இப்படி ஆடியதில் கிடைத்த பயன், ஒரு வாரம் முழுக்கப் பந்து போட்டுப் பழகியதில் எனக்குக் கிடைத்ததில்லை. இதை எல்லாருக்கும் சிபாரிசு செய்கிறேன்.

அங்கிளிடம் பழகியதால் என் சேஃப்டி நன்றாக வளர்ந்தது. அந்தச் சேஃப்டிகளையெல்லாம் ஒன்றுமில்லாமல் செய்தவர் ஒரு பிலிப்பினோ. கப்பல் பட்டறை வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசாவில் நண்பர்களைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் பணமும் அனுப்பிவிட்டு, மாலையில் ஆட வருவார். நாங்கள் எல்லாரும் அவரைக் ‘குயா’ என்போம்; அவர்கள் ஊரில் அண்ணனுக்கு அதுதான் சொல். பிலிப்பீன்ஸில் 15 பந்துகளையும் எண் வரிசைப்படி ஆடும் ‘ரொட்டேஷன்’ ரொம்பப் பிரபலம். மேசை நெரிசலாக இருக்கும்போதே சிறிய எண்ணைத் தொட்டாக வேண்டும் என்பதால், குஷனில் மோதித் திரும்பி வந்து தொடும் கிக் அடி அங்கே சின்ன வயதிலேயே கைவந்துவிடுகிறது. எஃப்ரன் ரேயஸ் அந்த மண்ணிலிருந்து வந்தவர். 1994இல் அமெரிக்கரல்லாத முதல் ஆட்டக்காரராக யூ.எஸ். ஓப்பன் நைன்பால் போட்டியை வென்றார், 1999இல் கார்டிஃபில் உலக நைன்பால் சாம்பியன் ஆனார். 1995இல் அமெரிக்க ஆட்டக்காரர் எர்ல் ஸ்டிரிக்லண்டுக்கு எதிராக அவர் இரண்டு குஷனில் மோதி 5ஆம் பந்தை உள்ளே போட்ட அடியை இன்றைக்கும் ஆட்டக்காரர்கள் வீடியோவில் தேடிப் பார்க்கிறார்கள். குயாவிடம் ஆடும்போது, அது ஒரு தனி மனிதரின் அதிசயம் மட்டுமில்லை, ஒரு ஊரே ஆடுகிற விதம் என்று புரிந்தது.

நான் வெள்ளையை இரண்டு பந்துக்குப் பின்னால் அருமையாக ஒளித்து வைத்துவிட்டுத் திரும்புவேன். குயா மேசையைச் சுற்றி ஒரு நடை நடப்பார். மேசையின் விளிம்பில் 18 புள்ளிகள் பதித்திருக்கும் அல்லவா, ஒன்பதடி மேசையில் நீளப் பக்கத்தில் புள்ளிக்குப் புள்ளி பன்னிரண்டரை அங்குலம். அந்தப் புள்ளிகளைக் கண்ணாலேயே அளந்துகொள்வார். அடிப்பார். பந்து தொடப்படும், சில நேரம் பாக்கெட்டிலும் விழும். அவர் தொட்டதைவிட என்னை அதிகம் வருத்தியது தொட்ட பிறகு நடப்பதுதான். எண் பந்து ஒரு மூலைக்கும் வெள்ளை இன்னொரு மூலைக்கும் போய், இப்போது நான் சிக்கலில் நிற்பேன். கிக் என்றால் எப்படியாவது தொட்டுவிட்டால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். குயா எண் பந்தின் எந்தப் பாதியைத் தொட வேண்டும், எந்த வேகத்தில் தொட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டுத்தான் குனிவார்.

அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை சில. குஷனில் பந்து போகும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்பது தொடக்கக் கணக்கு மட்டும்தான். பலமாக அடித்தால் குஷன் அமுங்கி, திரும்பும் கோணம் சுருங்கும். போகிற திசையிலேயே பக்கச் சுழற்சி கொடுத்தால் கோணம் விரியும். ஆகவே கிக் பழகும்போது ஒரே வேகத்தில், சுழற்சியே இல்லாமல் பழக வேண்டும். அந்த ஒரு வேகம் கைக்கு வந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். இன்னொன்று சேஃப்டி அடிக்கும் பக்கத்துக்கு உதவுவது. குஷனுக்கு மிக அருகில், ஒரு பந்து அகலத்துக்கும் குறைவான இடைவெளியில் நிற்கும் எண் பந்து, கிக் அடிப்பவருக்குப் பெரிய இலக்கு. வெள்ளை அதை நேராகத் தொட்டாலும் தொடும், குஷனில் பட்டுத் திரும்பும்போதும் தொடும். குயா மாதிரி ஆளுக்கு எதிராக எண் பந்தைக் குஷன் ஓரத்தில் விடுவதை நான் தவிர்க்கிறேன். குஷனிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கட்டும், அதற்கும் வெள்ளைக்கும் இடையே ஒன்றுக்கு இரண்டாகப் பந்துகள் இருக்கட்டும்.

இங்கே சிங்கப்பூர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரப்பதம் மேசைத் துணியில் இறங்கிவிடும். கடை திறந்து ஏர்கான் ஓட ஆரம்பித்த முதல் அரை மணி நேரத்தில் துணி கனமாக இருக்கும், பந்து சீக்கிரம் நின்றுவிடும், குஷனும் வேறு மாதிரி பதில் சொல்லும். மாலைக்குள் அதே மேசை வேகம் பிடித்துவிடும். புதுத் துணி போட்ட மேசை என்றால் இன்னும் வித்தியாசம், பந்து வழுக்கிக்கொண்டு போய்க் கோணமெல்லாம் நீளும். குயா மேட்சுக்கு முன் பந்து போட்டுப் பழகவே மாட்டார். வெள்ளையை மட்டும் நீளவாட்டில் இரண்டு தடவை அனுப்பிப் பார்ப்பார், மூலைக்கு மூலை கிக் இரண்டு அடிப்பார், அவ்வளவுதான். அதில் மேசையின் அன்றைய மனநிலை தெரிந்துவிடுமாம். நானும் அப்படியே செய்கிறேன். கியூவின் தண்டு கையில் ஒட்டாமலிருக்கக் கையுறையும் ஒரு உலர்ந்த துணியும் பையில் எப்போதும் இருக்கும்.

பில்லியர்ட்ஸில் வளர்ந்த ஒரு அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிராங்கூன் ரோடு பக்கத்துத் தமிழர், மன்றங்களில் மூன்று பந்து பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் ஆடி வந்தவர். அந்த மூன்று பந்து ஆட்டத்தில் சிங்கப்பூருக்குப் பெரிய பெருமை உண்டு; நமக்காக ஆடும் பீட்டர் கில்கிறிஸ்ட் 2007இல் மேசையை விட்டு இறங்காமல் ஒரே தொடரில் 1,346 புள்ளி எடுத்தவர். அந்த ஆட்டத்தின் உயிரே வெள்ளைப் பந்து மோதிய பிறகு எந்தப் பாதையில் போகும் என்பதுதான். அண்ணன் நைன்பாலுக்கு வந்தபோது சில நாட்கள் சிரமப்பட்டார். பந்து பெரிது, துணி வேகம், சுழற்சி அதிகம். ஆனால் இரண்டு பந்து மோதினால் வெள்ளை எங்கே போகும் என்று அவருக்குச் சந்தேகமே வராது. மேசையில் ஒரு சின்னச் சந்து இருந்தால் போதும், வெள்ளை அதன் வழியாக வெளியே வந்துவிடும்.

அவர் சொல்லிக் கொடுத்தது எளிது, எல்லாருக்கும் உதவும். உருண்டுகொண்டு வரும் வெள்ளை, எண் பந்தின் பாதியை மட்டும் மறைத்தபடி மோதினால், வந்த திசையிலிருந்து சுமார் 30 பாகை விலகிப் போகும். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை மோதினாலும் கிட்டத்தட்ட அதேதான். உருளாமல் வழுக்கி வந்து மோதினால், எண் பந்து போகும் கோட்டுக்குச் செங்குத்தாக, 90 பாகையில் பிரியும். இந்த இரண்டு கோட்டையும் மேசையில் மனதால் வரைந்து பார்க்கப் பழகிவிட்டால், வெள்ளையே பாக்கெட்டில் விழும் ஸ்கிராட்ச் எங்கே காத்திருக்கிறது என்பது அடிப்பதற்கு முன்பே தெரியும். ‘தம்பி, பந்து உள்ள போறதைப் பாக்காத, வெள்ளை போறதைப் பாரு’ என்பார். அவரோடு ஆடிய மாலைகளில் நான் வேண்டுமென்றே அப்படித்தான் பார்த்தேன்.

இப்போது பந்து போடுகிறவர்களுக்கு வருவோம். தேசிய சேவையை முடித்த கையோடு எங்கள் கூடத்துக்கு வந்த ஒரு பையன். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அலோய்சியஸ் யாப் ஒரு வழிகாட்டி. இதே சின்னத் தீவிலிருந்து போய் 2014இல் உலக ஜூனியர் நைன்பால் பட்டம் வென்று, 2021இல் உலகத் தரவரிசையில் முதலிடம் வரை வந்தவர். இந்தப் பையனும் அந்த ஒழுங்கோடு பயிற்சி செய்பவன். பிரேக் அடித்தால் ஒரு பந்து நிச்சயம் விழும், அப்புறம் நாம் எழுந்திருக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவரிடம் ஆடும்போது கணக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஆட்டக்காரர்களின் திறனைப் புள்ளியால் மதிப்பிடும் ஃபார்கோ ரேட்டிங் முறையில் இரண்டு பேருக்கும் 100 புள்ளி வித்தியாசம் இருந்தால், வலுவானவர் இரண்டு ரேக் வெல்லும்போது மற்றவர் ஒன்று வெல்வார் என்று பொருள். அதை வைத்துக் கணக்குப் போட்டால், முதலில் 7 ரேக் எடுக்கும் போட்டியில் வலு குறைந்தவர் வெல்லும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். முதலில் 3 ரேக் என்றால் சுமார் 21 சதவீதம். ஆகவே ஒரு பட்டம் வேண்டும் என்றால் குறுகிய போட்டி நமக்கு நல்லது. ஆட்டம் வளர வேண்டும் என்றால் நீண்ட போட்டியே நல்லது. என் கருத்து, நண்பர்களுக்குள் ஆடும்போது ‘எனக்கு இரண்டு ரேக் முன்கூட்டியே கொடு’ என்று கேட்டு வாங்கிக்கொண்டு, நீண்ட போட்டி ஆடுவதுதான் இருவருக்கும் உபயோகம். தோற்றவர் மேசைக் காசு தரவேண்டும் என்ற எங்கள் வழக்கத்துக்கும் அது நியாயமாக இருக்கும்.

அந்தப் பையனிடம் ஆடும்போது என் கண் முழுக்க அவனுடைய பிரேக் மேல்தான் இருக்கும். வெள்ளையை எங்கே வைக்கிறான், எந்தப் பக்கத்து மூலைப் பந்து விழுகிறது, 1ஆம் பந்து எங்கே போய் நிற்கிறது. அதே மேசை, அதே ரேக். அவனுக்கு வேலை செய்யும் இடம் எனக்கும் வேலை செய்யும். என் முறை வந்ததும் அதே இடத்திலிருந்து, அவனைவிடக் குறைந்த வேகத்தில், குறி தவறாமல் அடிப்பேன்.

நாற்காலியில் உட்காருவதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான். 2021 யூ.எஸ். ஓப்பன் நைன்பால் இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். யாப் 8-3 என்று முன்னால் இருந்தார். பிலிப்பீன்ஸின் கார்லோ பியாடோ அங்கிருந்து பத்து ரேக்கைத் தொடர்ந்து எடுத்து 13-8 என்று வென்றார். உலகின் உச்சியில் இருப்பவர்களுக்கே இப்படி மேசை கைவிட்டுப் போகிறது என்றால், நமக்கு மூன்று ரேக் தொடர்ந்து போவதில் உடைந்துபோக என்ன இருக்கிறது? உட்கார்ந்திருக்கும்போது நான் கைப்பேசியைத் தொடுவதில்லை. தண்ணீர் குடிப்பேன், கியூவின் முனையைத் துடைத்துச் சாக் போடுவேன், எதிராளி போடப்போகும் அடுத்த மூன்று பந்தை மனதில் நானும் ஆடிக்கொண்டே இருப்பேன். அவர் தவறவிட்டு நான் எழும்போது மேசை எனக்கு அந்நியமாக இருக்காது.

மெதுவாக ஆடுபவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய போட்டிகளில் அடிக்கு 30 விநாடி என்று கடிகாரம் வைக்கிறார்கள், எங்களுக்கு அது இல்லை. ஒரே அடிக்கு மேசையை மூன்று சுற்றுச் சுற்றுபவர் நம் தாளத்தைக் கெடுத்துவிடுவார். அவரைப் பார்க்காமல் இருப்பதும், நம் முறை வந்தால் வழக்கமான எண்ணிக்கையில் கியூவை முன்னும் பின்னும் ஓட்டி, வழக்கமான நேரத்தில் அடிப்பதும் போதும். எரிச்சலில் வேகமாக ஆட ஆரம்பித்தால் அவருடைய தாளத்துக்கு நாம் ஆடுகிறோம் என்று அர்த்தம். போட்டி நடத்துபவர்கள் ஒரு நாகரிகமான நேர வரம்பு வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக, நான் அதிகம் மதிக்கும் எதிராளி. மத்திய வட்டாரத்தில் கணக்காளராக வேலை பார்க்கும் பெண், தமிழர். அவருடைய ஆட்டத்தில் அங்கிளும் குயாவும் அந்தப் பையனும் சேர்ந்து இருப்பார்கள். பந்தைப் பாக்கெட்டுக்குத்தான் அடிப்பார், ஆனால் தவறினாலும் நமக்கு எதுவும் மிஞ்சாதபடி வெள்ளையை நிறுத்தும் வேகத்தில் அடிப்பார். விழுந்தால் அடுத்த பந்துக்கு இடம், விழாவிட்டால் சேஃப்டி. இப்படி ஒரே அடியில் இரண்டு பலன் இருக்கிறதா என்று தேடுவது, நானறிந்தவரை, அமெச்சூர் ஆட்டத்தில் மிகப் பெரிய பாய்ச்சல். அறுபது சதவீதம்தான் விழும் என்று தோன்றும் அடியானால் அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இது தவறினால் அவருக்கு என்ன கிடைக்கும்? ‘எல்லாம் கிடைக்கும்’ என்பது பதிலானால் வேகத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பாக்கெட்டையே மாற்ற வேண்டும். அவர் சேஃப்டியான அடி ஆடியதும் முகத்தில் எதுவும் தெரியாது, 9ஐப் போட்டாலும் தெரியாது. ‘நல்லா ஆடினீங்கண்ணே’ என்று கை கொடுத்துவிட்டுப் பந்தை அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

அவரிடமிருந்து இன்னொரு பழக்கத்தையும் எடுத்துக்கொண்டேன். புதுக் கூடத்திலோ புது எதிராளியிடமோ ஆடும் முன், நின்றபடியே நாலு விஷயம் கேட்டுவிடுவார். மூன்று ஃபவுல் விதி உண்டா? யார் அடுக்குவது, பிரேக் மாறி மாறியா, வென்றவருக்கா? சட்டைக் கை மற்ற பந்துகளில் பட்டால் ஃபவுலா, வெள்ளையில் பட்டால் மட்டும்தானா? ஜம்ப் கியூ ஆடலாமா? கடைசிக் கேள்வியை மட்டும் எதிராளியிடம் கேட்டால் போதாது, கூடத்துக்காரரிடமும் கேட்க வேண்டும். துணி கிழியும் என்று சில இடங்களில் ஜம்ப்பை அனுமதிப்பதில்லை. அப்படியானால் அன்றைக்குக் கிக்தான் ஒரே வழி. பிரேக்குக்கு முன்பே மூலைக்கு மூலை கூடுதலாக நாலு கிக் அடித்துப் பார்த்துவிடுங்கள்.